முன்னால் போக ஒரே கியர்

என் வேலையில் தப்பு வராது என்று நான் சொன்னால் அதைத் திமிர் என்பார்கள். இருக்கட்டும். இருபது வருஷமாகக் கோயமுத்தூரில் வண்டிகளுக்கு வயரிங் செய்கிறேன். தமிழ்ச்செல்வன் பூட்டிய விளக்கு எரியவில்லை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட நான், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில், ஊரே பார்த்திருக்க, முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டதும் வண்டி பின்னால் போனது. இந்தக் கதையை நானே சொல்லிவிடுவதுதான் எனக்கு மரியாதை. எங்கள் செட்டில் மற்ற மூன்று பேரிடம் விட்டால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

செட்டு என்றால் நாங்கள் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் கருமத்தம்பட்டியில் கிருபாசங்கரின் பழைய தறிக்குடோனில் கூடுவோம். கிருபா எனக்குப் பாலிடெக்னிக் காலத்து நண்பன். கியர் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஆல்வின் வருவான். துருப்பிடித்த தகரத்தை அவன் தட்டித் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவரும்போது பக்கத்தில் நின்று பேசக்கூடாது. பேசினால் சுத்தியலோடு திரும்புவான். நாலாவது ஆள் சாய்ப்ரியா. பம்பு கம்பெனியில் டிசைன் எஞ்சினியர், எங்களில் சின்னவள். ஒரு போல்ட்டை மாற்றுவதென்றாலும் முதலில் கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

பழைய பிக்கப் வண்டிகள் மட்டும்தான் எங்களுக்கு. கார்களைத் தொடமாட்டோம். கார் முதலாளி உட்கார்ந்து போனது, பிக்கப் வேலை செய்தது. வெளியே பார்த்தால் அந்தக் காலத்து வண்டியாகவே இருக்கவேண்டும். உள்ளே புது எஞ்சின், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங் எல்லாம் போட்டுவிடுவோம். பழசை அப்படியே விடவேண்டும் என்கிறவர்கள் எங்களைத் திட்டுகிறார்கள். திட்டிக்கொள்ளட்டும். கோத்தகிரி மலையில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவேண்டாமா?

செட்டுக்கு இரண்டு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியைக் குடோனில் ஓட்டமாட்டோம். அது எங்கே உழைத்ததோ அங்கே லாரியில் கொண்டுபோய் இறக்கி, அந்த மண்ணில்தான் முதலில் ஓட்டுவோம். அதுவரை கையால் தள்ளுவதுதான். அந்த முதல் ஓட்டத்தில், ஓட்டுகிறவன் பக்கத்து முன் சீட்டு வண்டியின் பழைய சொந்தக்காரருக்கு. இதை ஆரம்பித்து வைத்தவன் நான். மேட்டுப்பாளையத்து மண்டிக்காரர் ஒருவர் தன் பழைய வண்டியில் உட்கார்ந்து மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் நாலு தடவை துண்டால் முகம் துடைத்தார். அதைப் பார்த்துவிட்டு, இனி எல்லா வண்டிக்கும் இப்படித்தான் என்று நான்தான் சொன்னேன். அது என் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது தெரியாது.

நாலாவதாக எங்களிடம் வந்தது அறுபத்திரண்டாம் வருஷத்து வில்லிஸ் பிக்கப். கிருபாவின் தாய்மாமா ஈஸ்வரமூர்த்தியின் தோப்பில், புளியமரத்தடியில் இருபத்தைந்து வருஷமாக நின்ற வண்டி. யார் யாரோ கேட்டும் கொடுக்காதவர், கிருபா கேட்டதும் சரி என்றார். விலை கொடுத்து என் பேரில் எழுதி வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்த வண்டியைத் தெரியும். என் அம்மா மாசாணியம்மாள் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தெட்டு வருஷம் அதில் போயிருக்கிறாள். பின்னால், நின்றுகொண்டு.

தேங்காய் பொறுக்கிச் சுமக்கும் பெண்களைக் காலையில் தோப்புத் தோப்பாக அது ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் காய்க்குவியல் மேலேயே உட்காரவைத்துத் திருப்பிக் கொண்டுவரும். முன்னால் டிரைவர் மட்டும்தான். அவர் பக்கத்து இடத்தில் அவருடைய சோற்றுத் தூக்குப்போசி உட்கார்ந்திருக்கும். மழை கொட்டினாலும் போசிதான் உள்ளே, பெண்கள் வெளியே. என்னை ஒன்பது மாசம் வயிற்றில் வைத்துக்கொண்டும் அம்மா பின்னால்தான் போனாள். இதையெல்லாம் அவள் குறையாகச் சொன்னதே இல்லை. போசியில் இன்றைக்கு என்ன குழம்பு என்று பெண்கள் வாசனை பிடித்துப் பந்தயம் கட்டுவார்களாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. வண்டியை வாங்கிய அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: முதல் ஓட்டத்தில் முன் சீட்டு என் அம்மாவுக்கு.

இதைச் சொன்னதும் கிருபா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"தமிழு, மாமாகிட்டச் சொல்லிப்போட்டனே. நம்ம வழக்கம் இப்படின்னு சொல்லித்தான் வண்டியவே கேட்டேன். அதுக்காவத்தான் குடுத்தாரு."

"உங்க மாமா இந்த வண்டில எத்தன தடவ போயிருப்பாரு?"

அவன் யோசித்தான். "அவருக்குக் கார் இருந்துச்சல்ல."

"ஒரு நாளும் உக்காராத ஆளுக்கு எதுக்கு முன் சீட்டு?"

"பழைய சொந்தக்காரருக்குன்னு நீதானப்பா ஆரம்பிச்சே."

சமாதானத்துக்கு சாய்ப்ரியா வந்தாள். "அண்ணா, அது நீட்டுச் சீட்டுங்க. டிரைவரோட சேத்தி மூணு பேரு உக்காரலாம், நான் அளந்திருக்கேன். ரெண்டு பேருமே உக்காரட்டுமுங்க."

ஆல்வின் தகரத்தைத் தட்டுவதை நிறுத்தினான். கிருபா தரையைப் பார்த்தான். அவன் மாமா என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டார். ஏன் என்று சாய்ப்ரியா கேட்கவில்லை. கோயமுத்தூர் டவுனிலேயே பிறந்து, வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள்தான். ஆனாலும் இது அவளுக்கும் தெரியும்.

"உன்ற மாமாகிட்ட நேராப் போய்க் கேளு," என்றேன். "மாசாணியம்மாள் பக்கத்துல உக்காருவீங்களான்னு கேளு."

"பெரியவருகிட்ட அதய எப்படிக் கேக்கறது தமிழு?"

"கேக்க முடியாதவன் எதுக்குடா வாக்குக் குடுத்துட்டு வந்தே?"

என் வாய் அதோடு நிற்கவில்லை. அவன் அப்பா, தாத்தா, தோப்பு, வாய்க்கால் எல்லாவற்றையும் இழுத்தேன். பாதி நியாயம், பாதி வெறும் கோபம். கிருபா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அது பங்குனி மாசம். ஆவணி முடிகிற வரைக்கும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து குடோனைத் திறந்துவைத்துவிட்டுப் போய்விடுவான். பட்டறையில் அவன் முடித்த பற்சக்கரங்கள் ஆல்வின் கையில் வந்து சேரும். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி அனுப்பியிருப்பான், ஒரு பிசிறு இருக்காது. அதுதான் எனக்கு எரிச்சல். வேலையில் குறை வைத்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

ஆக்சில் வேலை வந்தது அந்தப் பேசாத மாசங்களில்தான். நாங்கள் போட்ட புதுக் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட் வண்டியின் இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. அது போய்ச் சேரவேண்டிய இடம், பின் ஆக்சிலில், அதாவது பின்சக்கர அச்சில், பற்சக்கரங்கள் உட்கார்ந்திருக்கும் இரும்புக் குண்டு. அந்தக் குண்டோ வலது பக்கம் ஒதுங்கியிருந்தது. இரண்டும் நேர்க்கோட்டில் வரவில்லை. பல்லும் பல்லும் சேருகிற இடம் எதுவானாலும் அது கிருபாவின் வேலை என்பது எங்களுக்குள் பேச்சு.

"கிருபாண்ணாவ ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யலாமுங்க," என்றாள் சாய்ப்ரியா.

"எனக்குத் தெரியாததா அம்மணி?"

எனக்குத் தெரிந்தது இதுதான்: ஆக்சிலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் வலது பக்கத்துக் குண்டு இடது பக்கம் வந்துவிடும். இது தோன்றியதும் எனக்கு நானே கைகொடுத்துக்கொள்ளாத குறை. ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை அறுத்து மறுபக்கம் வைத்து வெல்டிங் செய்தேன். எண்ணெய் ஊற்றும் துளை அடிப்பக்கம் போய்விட்டது. அப்போதாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம். நான் மேலே ஒரு புதுத் துளை போட்டேன். ஷாஃப்ட் நூல் பிடித்த மாதிரி நேராக உட்கார்ந்தது. சாய்ப்ரியா எல்லாவற்றையும் வரைந்து பார்த்து, அளவு மில்லிமீட்டர் பிசகவில்லை என்றாள். அவள் அளவைத்தான் பார்த்தாள். தலைகீழாகப் போட்ட ஆக்சிலில் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஆவணியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வண்டியை நாலு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். முதல் கியரில் சக்கரங்கள் சுற்றின. மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். இந்தக் கிறுக்குப் பிடித்த எங்களுக்குச் சக்கரத்தைப் பார்க்கத் தோன்றாது, சத்தத்தைத்தான் கேட்போம். ஊளை இல்லை, உறுமல் இல்லை, தண்ணீர் போகிற மாதிரி ஒரு சத்தம். ஆல்வின் கண்ணை மூடியபடியே வீடியோ எடுத்து எங்கள் பழைய வண்டிக் குரூப்பில் போட்டான். அறுநூறு பேர் பார்த்தார்கள். பெரிய பெரிய நிபுணர்கள் எல்லாம் கைதட்டும் படம் அனுப்பினார்கள். சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லி ஆல்வினிடம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். முடியாது என்கிறான்.

அடுத்த ஞாயிறு முதல் ஓட்டம். கிருபா தன் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறான் என்று ஆல்வின் சொன்னான். "வரட்டும்," என்றேன். "வண்டி என்னுது, சாவி என்னுது." போனில் அம்மாவிடம் சொன்னபோது அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"எனக்கெதுக்குக் கண்ணு முன் சீட்டு? பின்னால நின்னா நல்லாக் காத்து வரும். பண்ணாடி ஏதாச்சும் நெனச்சுக்குவாரு."

பண்ணாடி என்பது தோப்புக்காரரை எங்கள் சனம் கூப்பிடுகிற பெயர். நான் கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, தீபாவளிச் சேலையைக் கட்டி, தலையில் பூ வைத்து, வாசலில் தயாராக நின்றிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவளுக்கும் ஆசை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

தோப்பில் லாரியிலிருந்து வண்டியை இறக்கினோம். ஆல்வின் அடித்த பச்சை, காலை வெயிலில் நின்று பேசியது. முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அம்மா நேராக வண்டியின் பின்பக்கம் போனாள். பக்கப் பலகையின் மேல்விளிம்பில் ஓர் இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். மற்ற எல்லாவற்றையும் இழைத்துப் புதிதாக்கிய ஆல்வின், யாரும் சொல்லாமலே அந்த இடத்தைத் தொடாமல் விட்டிருந்தான். அம்மா அங்கே கையை வைத்தாள்.

"இது என்ற எடம்," என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் ஈஸ்வரமூர்த்தி வந்துவிட்டார். எழுபத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவரைக் கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத் தன் காரை அனுப்புவார். அந்தக் காரில் அவர்களோடு மட்டும் போகமாட்டார்.

"ஏனப்பா தமிழு, பரவால்லியே, கல்யாண மாப்பிள்ளையாட்டம் பண்ணிப்போட்டீங்க," என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவ்வளவு இயல்பாக உட்கார்ந்தார். கேட்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஐயா இறங்குங்கள் என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. திரும்பினால், அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சக்கரத்தின் மேல் கால் வைத்து, அறுபத்தாறு வயதில் ஒரே எட்டில் பின்னால் ஏறிவிட்டாள். அந்தத் தேய்ந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேசாம ஓட்டு கண்ணு," என்றாள் மெதுவாக. "நல்ல நாளு."

ஐந்து மாசச் சண்டை, இவ்வளவு வேலை, கடைசியில் அவள் நிற்கிற இடம் அதேதான். கிருபாவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கதவை அறைந்து சாத்தி, ஸ்டார்ட் செய்து, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

ரிவர்ஸ் விழுந்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மிதித்தேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. தலைக்கு மேல் தகரத்தில் தட் தட் என்று இரண்டு அடி விழுந்தது. நிறுத்து என்பதற்கு அந்தப் பெண்களின் பழைய சைகை அது.

"பின்னால புளியமரம்டா!" என்று அம்மா கத்தினாள்.

பிரேக்கை அழுத்தினேன். அது அருமையாகப் பிடித்தது. மரத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. ஈஸ்வரமூர்த்தியின் துண்டு காலடியில் விழுந்து கிடந்தது. இரண்டாம் கியரைப் போட்டுப் பார்த்தேன், வண்டி மரத்தைப் பார்த்து நகர்ந்தது. மூன்றாவதைப் போடத் தைரியம் வரவில்லை. கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

இறங்கி வண்டிக்கு அடியில் படுத்தேன். ஆக்சிலைப் பார்த்தேன். அடிப்பக்கம் போய்விட்ட அந்தப் பழைய எண்ணெய்த் துளை என்னைப் பார்த்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து கிருபாவும் தவழ்ந்து உள்ளே வந்தான். ஐந்து மாசத்துக்குப் பிறகு இரண்டு பேரும் முகத்தைப் பார்த்தோம்.

"தலகீழாப் போட்டிருக்கே," என்றான்.

"ஆமா."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனல்ல."

"பேசிட்டா இருந்தோம்?"

"அஞ்சு கியரும் பின்னால போவும். ரிவர்ஸ் ஒண்ணுதான் முன்னால போவும்." அவன் முகம் கோணியது. சிரிப்பை அடக்கப் பார்க்கிறான் என்று தெரிந்தது. எனக்கும் வந்துவிட்டது. புழுதியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வெளியே சாய்ப்ரியா, "அண்ணா, என்னாச்சுங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

வெளியே வந்தபோது ஈஸ்வரமூர்த்தி இறங்கி நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கிருபா சொன்னான்.

"சரி, உடுங்க. எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிட்டு அடுத்த வாரம் கொண்டாங்க, நான் வாரேன்," என்றார் பெரியவர். "நத்தையாட்டம் ஊருக்குள்ள போனா நாலு பேரு சிரிப்பாங்கல்ல?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. ஏற்றிப்போனால் என் தப்பு தோப்போடு முடிந்துவிடும். ஒரு வாரத்தில் ஆக்சிலைச் சரி செய்து, ஐந்து கியரிலும் பறக்கவிட்டு, தமிழ்ச்செல்வன் வேலை என்றால் வேலை என்று ஊரைச் சொல்லவைக்கலாம். ஆனால் அன்றைக்கும் அவர் வருவார். கதவைத் திறந்து அதே மாதிரி உட்காருவார். அம்மா அதே மாதிரி சக்கரத்தில் கால் வைத்து ஏறுவாள்.

இப்போது ஓட்டினால், ஊர் முழுக்க என் முட்டாள்தனத்தை ஓட்டிக் காட்டவேண்டும். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"தப்பு என்னுதுங்க," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். "ஆக்சிலத் தலகீழாப் போட்டது நான்தான். கிருபாகிட்டக் கேக்காமப் போட்டேன். ஆனா வண்டி ஓடுமுங்க. மொத ஓட்டம் இன்னைக்குத்தான். அடுத்த வாரம் ஓடறது ரெண்டாவது ஓட்டமுங்க."

"அப்ப முன்னால ஆரு உக்காருவா?"

"எங்கம்மாங்க."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, கிருபாவைத்தான் பார்த்தார். கிருபா கிரீஸ் கையைப் பேண்டில் துடைத்தான். ஒரு தடவை துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தான்.

"ஆமாங்க மாமா," என்றான். "அவிய இருவத்தெட்டு வருசம் இந்த வண்டில போனவிய. இத நான் பங்குனியிலயே உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். சொல்ல எனக்குத் தைரியம் வரலீங்க."

பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புளியமரத்து நிழலுக்குப் போய் நின்றார். அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அம்மா, எறங்கி வா," என்றேன்.

அவள் பண்ணாடியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு இறங்கினாள். செருகிய சேலையை எடுத்துவிட்டுச் சரிசெய்தாள். முன் கதவுக்கு வந்து நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பயப்படுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். பயம் இல்லை. கதவை எப்படித் திறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருட்டில்கூடத் தடவிப் பின்னால் ஏறத் தெரிந்தவள், இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கைப்பிடியை ஒரு நாளும் தொட்டதில்லை. விரல்கள் அதன் மேலே போய்க் கீழே வந்து தேடின. எனக்குக் கண் மறைத்துவிட்டது, நகர முடியவில்லை.

"கைப்பிடியக் கீழ அமுத்துங்கம்மா," என்றான் கிருபா. "அமுத்தி, உங்க பக்கமா இழுங்க."

அழுத்தினாள், இழுத்தாள், கதவு திறந்தது. அவளே ஏறினாள். அவளே சாத்தினாள்.

"கிருபா, ரிவர்ஸ் கியர் அவ்வளவு தூரம் தாங்குமா?" என்று கேட்டேன். தோப்பிலிருந்து பெரிய வீடு வழியாக எங்கள் தெரு முக்கு வரை ஒன்றேகால் கிலோமீட்டர்.

"நடந்து போற வேகத்துல போனாத் தாங்கும். சூடாச்சுன்னா நான் சொல்றேன், நிறுத்து."

ரிவர்ஸைப் போட்டேன். வண்டி ஙீ என்று ஒரு சத்தத்தோடு முன்னால் நகர்ந்தது. கூட்டம் மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை எனக்குக் கூச்சமாக இல்லை. ஆல்வின் முன்னால் வீடியோ எடுத்துக்கொண்டே பின்புறமாக நடந்தான். கிருபா ஒரு பக்கம், சாய்ப்ரியா ஒரு பக்கம், காதைச் சாய்த்துக் கியர் சத்தத்தைக் கேட்டபடி வந்தார்கள். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ரோடு எதுக்க வருதுடா," என்றாள். "காய் மேல உக்காந்து போனா ரோடு ஓடிப்போறதுதான் தெரியும்."

பெரிய வீட்டைத் தாண்டினோம். வாசலில் நின்றவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், பிறகு அம்மாவைப் பார்த்தார்கள். வண்டி போன வேகத்தில், பார்க்காமல் இருக்க அவர்களுக்கு வழியே இல்லை. அம்மா தலையைக் குனியவில்லை. எங்கள் தெரு ஆரம்பிக்கும் இடத்தில், அவளோடு அந்தக் காலத்தில் பின்னால் நின்ற பெண்களில் மிச்சம் இருக்கிற மூன்று பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி ஜன்னலைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தாள்.

"ஏனக்கா மாசாணி, போசில இன்னிக்கு என்ன கொழம்பு?"

அம்மா சிரித்த சிரிப்பில் எஞ்சின் சத்தம்கூடக் கேட்கவில்லை. நானும் சிரித்தேன், அந்தப் போசிக் கதைக்கு முதல் தடவையாக. முக்கு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் நூறு அடிதான் இருக்கும்.

"அடுத்த வாரம் ஆக்சில மாத்திப்போடறம்மா," என்றேன். "அப்பறம் உடுமலை வரைக்கும் சும்மா பறக்கலாம்."

அவள் ஜன்னலுக்கு வெளியே முழங்கையை வைத்துக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பறந்து எங்க போறது?" என்றாள். "ஏன் கண்ணு, இன்னுங் கொஞ்சம் மெதுவாப் போவாதா?"